பாண்டியில் அம்மாவுக்கு டி.எம்.எஸ். எடுத்தோம்: விவரமான ரிவ்யூ

வீட்டில் ஒருவருக்கு மாத்திரைக்கு அடங்காத மனச்சோர்வு, டாக்டர் டி.எம்.எஸ். என்று ஒன்றை, அதாவது காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டும் சிகிச்சையைச் சொல்கிறார், போகலாமா வேண்டாமா என்று கடலூர், பாண்டி பக்கம் யாராவது குழம்பிக்கொண்டிருந்தால் அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகலாம். ஆனால் மெஷின் புதுசா, ஏசி இருக்கிறதா என்று பார்த்து இடத்தை முடிவு செய்யாதீர்கள், அங்கே ஒழுங்காக அளந்து பார்த்துச் சிகிச்சை தருகிறார்களா என்று பாருங்கள். எங்களுக்குக் கிடைத்த நல்லது அத்தனையும் அந்த அளவெடுப்பில் இருந்து வந்ததுதான் என்று நினைக்கிறேன். அம்மாவின் சொந்த விஷயம் என்பதால் மருத்துவமனையின் பெயரைப் போடவில்லை, புதுச்சேரியில் உள்ள ஒரு தனியார் மனநல மருத்துவமனை என்ற வரை தெரிந்தால் போதும்.

அம்மாவுக்கு வயது 56. திருப்பாதிரிப்புலியூரில் வீடு, வீட்டுக்கு முன்னாலேயே தையல் மெஷின் போட்டு எங்கள் தெருவுக்கே ரவிக்கை தைத்துக் கொடுத்தவர். அந்த மெஷினைத் துணி போட்டு மூடி வருஷக்கணக்கில் ஆகிவிட்டது. விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடும், சாப்பாடு இறங்காது, குளிக்கச் சொன்னால் அழுகை, "எனக்கு ஒண்ணும் வேணாம்டி, என்னை விட்டுடு" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் கோயிலுக்குப் போ, நாலு பேரோட பழகு, எல்லாம் மனசுலதான் இருக்கு என்பார்கள். அம்மா வைத்தியம் பார்க்காமல் இல்லை. எஸிடாலோப்ராம் என்ற மனச்சோர்வு மாத்திரையை முழு டோஸில் மாதக்கணக்கில் சாப்பிட்டார், அப்புறம் வென்லாஃபாக்சின், அதற்கு மேல் லித்தியம் சேர்த்துப் பார்த்தார்கள். அழுகை மட்டும் கொஞ்சம் குறைந்தது, மற்றதெல்லாம் அப்படியே.

இரண்டு வேறு மாத்திரைகளைச் சரியான டோஸில் சரியான காலம் சாப்பிட்டும் குணம் தெரியவில்லை என்றால் அதைச் சிகிச்சைக்கு இணங்காத மனச்சோர்வு என்கிறார்கள். இது அபூர்வமான ஒன்று இல்லை என்பதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் எங்கள் அம்மா தன்மேல்தான் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் சுமார் 4,000 பேரை வைத்து ஸ்டார்-டி என்ற பெரிய ஆய்வு நடந்தது, 2006-ல் முடிவு வந்தது. முதல் மாத்திரையில் முழுசாகத் தேறியவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். இரண்டு மாத்திரை பலிக்காமல் மூன்றாவது, நாலாவது என்று மாற்றிக்கொண்டே போனவர்களில் ஒவ்வொரு கட்டத்திலும் தேறியவர்கள் நூற்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு பேர். அந்தக் கணக்கே கூடுதல்தான் என்று பிற்பாடு மறுகணக்குப் போட்டுச் சொன்னவர்களும் உண்டு. ஆகவே மூன்றாவது மாத்திரைக்குப் பிறகும் இன்னொரு மாத்திரை, இன்னொரு மாத்திரை என்று போய்க்கொண்டே இருப்பதற்குப் பதில் வேறு வழியைப் பார்க்கலாம் என்று அம்மாவின் டாக்டர் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது.

அம்மா கேட்ட முதல் கேள்வி, "கரண்டு வைக்கப் போறாங்களா?" இந்தப் பயம் நம் ஊரில் எல்லாருக்கும் இருக்கிறது. டி.எம்.எஸ். என்பது ஷாக் ட்ரீட்மென்ட் இல்லை. மயக்க மருந்து கிடையாது, வலிப்பு வரவைப்பதும் கிடையாது. எட்டு வடிவத்தில் சுற்றிய கம்பிச் சுருள் ஒன்றைத் தலைமேல் வைத்து அதில் மின்சாரத்தைச் சட்சட்டென்று விட்டு விட்டுப் பாய்ச்சுகிறார்கள், அப்போது உண்டாகும் காந்தப்புலம் மண்டையோட்டைத் தாண்டி உள்ளே போய் மூளையின் மேற்பரப்பில், இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் வரை, சின்னதாக ஒரு மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. ஃபாரடே 1831-ல் கண்டுபிடித்த அதே மின்காந்தத் தூண்டல்தான், பள்ளிக்கூடத்தில் நாம் எல்லாரும் படித்தது. மூளைக்கு இதை இப்படிப் பயன்படுத்தலாம் என்று 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழுவினர் காட்டினார்கள். மனச்சோர்வுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி 2008-ல் கிடைத்தது. பெரும்பாலும் குறி வைப்பது இடது பக்க முன்மூளையில் ஒரு இடம், மனச்சோர்வில் அந்தப் பகுதி மந்தமாகிவிடுகிறது, அது ஆழத்தில் உள்ள உணர்ச்சிப் பகுதிகளோடு தொடர்பில் இருப்பதால் மேலே தட்டினால் உள்ளேயும் மாற்றம் வரும் என்பதுதான் அடிப்படை.

நாங்கள் முதலில் போன இடம் வேறு. அங்கே அம்மா என்னென்ன மாத்திரை சாப்பிட்டார் என்று கேட்பதற்கு முன்னாலேயே ரிசப்ஷனில் ஒரு வண்ண நோட்டீஸை நீட்டி, முழு பேக்கேஜுக்கும் இன்றே பணம் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். நோட்டீஸில் 90 சதவீதம் குணம், பக்கவிளைவே இல்லை என்று போட்டிருந்தது. டாக்டரைப் பார்க்கவேண்டும் என்றால், முதலில் பதிவு செய்துவிடுங்கள், அவர் அப்புறம் பார்ப்பார் என்கிறார்கள். அப்படியே எழுந்து வந்துவிட்டோம். மனம் நொந்துபோய் வருகிற குடும்பத்திடம் 90 சதவீதம் என்று சொல்வது எனக்கு இன்னும் ஆறவில்லை. உண்மையான கணக்கு வேறு. கனடாவில் 414 பேரை வைத்து நடந்து 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், நோயின் கடுமை பாதிக்குக் கீழே குறைந்தவர்கள் கிட்டத்தட்ட இரண்டில் ஒருவர், முழுசாகத் தேறியவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை. மாத்திரை பலிக்காதவர்களுக்கு இது நல்ல கணக்குதான், இதை அப்படியே சொன்னாலே நாங்கள் வந்திருப்போம்.

இரண்டாவது இடத்தில் மனநல மருத்துவர் முதல் நாள் மெஷின் பக்கமே அழைத்துப் போகவில்லை. பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்று தேதி வாரியாக எழுதினார். தலையில் எப்போதாவது அடிபட்டதா, ஆபரேஷன் செய்து கிளிப் ஏதாவது வைத்திருக்கிறதா, காதுக்குள் கருவி உண்டா, இதயத்துக்கு பேஸ்மேக்கர் உண்டா, சின்ன வயதில் ஃபிட்ஸ் வந்ததா, தூக்க மாத்திரை எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தலைக்குள்ளோ காதுக்குள்ளோ உலோகம் இருந்தால் இந்தச் சிகிச்சையே கூடாது, வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு யோசித்துத்தான் கொடுப்பார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு என்றாலும் சிகிச்சையின்போது வலிப்பு வர வாய்ப்பு உண்டு என்று அவரே சொன்னார். தைராய்டு, பி12 பார்த்தாச்சா என்று கேட்டு, பார்க்காததால் அதையும் எழுதிக் கொடுத்தார். அப்புறம் மனச்சோர்வு எவ்வளவு கடுமை என்று அளக்கும் ஹாமில்டன் கேள்வித்தாளை வைத்து அம்மாவிடம் மெதுவாகப் பேசி மதிப்பெண் போட்டார். 24 வந்தது. 7 அல்லது அதற்குக் கீழே வந்தால்தான் முழுசாகத் தேறியதாகக் கணக்கு, இருப்பதில் பாதியாகக் குறைந்தாலே சிகிச்சை வேலை செய்கிறது என்று அர்த்தம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி போடுவேன் என்றார். அந்த ஒரு பேச்சிலேயே எனக்கு இந்த இடம் சரி என்று தோன்றிவிட்டது.

அளவெடுத்த நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை நீங்கள் போகும் இடத்தில் செய்யாமல் விட்டால் தயவுசெய்து கேள்வி கேளுங்கள். முதலில் தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி எல்லாம் கழற்றச் சொன்னார்கள். மூக்குத்தி கல்யாணத்துக்கு முன் போட்டது, திருகாணி இறுகிப்போய் வரவே இல்லை, முந்தின நாள் தட்டாரிடம் போய்த்தான் கழற்றிக்கொண்டு வந்தோம், முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள் என்பதால் தப்பித்தோம். தலையில் எண்ணெய் வைக்காமல் வரச்சொன்னார்கள். தலைக்குத் துணிக் குல்லாய் ஒன்றைப் போட்டு, டெக்னீஷியன் தம்பி சாதாரணத் தையல் டேப்பை வைத்து மூக்கு தொடங்கும் இடத்தில், புருவங்களுக்கு நடுவில் இருந்து பின்மண்டை மேடு வரை, ஒரு காதில் இருந்து இன்னொரு காது வரை, அப்புறம் சுற்றளவு என்று மூன்றும் எடுத்து, கம்ப்யூட்டரில் போட்டு, குல்லாய்மேல் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். ஒவ்வொருவர் மண்டையும் வேறு என்பதால் எல்லாருக்கும் இத்தனை சென்டிமீட்டர் என்று கண்ணை மூடிக்கொண்டு வைக்கக்கூடாதாம்.

அதற்கடுத்து நடந்ததுதான் பார்க்க ஆச்சரியமாக இருந்தது. அம்மாவின் வலது கையை மடியில் உள்ளங்கை மேலே பார்க்கும்படி தளர்வாக வைக்கச்சொன்னார்கள். இடது மண்டையில் விரலை ஆட்டுகிற இடத்தைத் தேடி சுருளை வைத்து ஒரு தட்டு. ஒன்றும் இல்லை. அரை சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு தட்டு. டாக்டர், டெக்னீஷியன், நான் என மூன்று பேரும் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து, அம்மா ஆட்டாமலேயே, கட்டைவிரல் உள்பக்கமாகச் சுண்டிவிட்டது போல் துள்ளியது. "நான் ஆட்டலைம்மா" என்று அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார், சின்னப் பிள்ளைபோல. பிறகு தட்டலின் வலுவைக் குறைத்துக்கொண்டே வந்து, பத்துத் தட்டில் பாதித் தட்டுக்கு மட்டும் விரல் துடிக்கிற இடத்தில் நிறுத்தினார்கள். அதுதான் அவருடைய அளவு. சிகிச்சைக்கு அதற்கு மேல் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி வைப்பார்கள், முதல் சில நாள் குறைவாக ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றினார்கள். ஆளுக்கு ஆள் இந்த அளவு மாறும், இதை எடுக்காமல் எல்லாருக்கும் ஒரே அளவு வைத்தால் சிலருக்குப் பயனே இருக்காது, சிலருக்கு வலிப்பு அபாயம் கூடும்.

தினசரி சிட்டிங் மூன்று நிமிடம்தான். பழைய முறையில் ஒரு சிட்டிங் 37 நிமிடம் வரை ஓடும், அம்மாவுக்குக் கொடுத்தது தீட்டா பர்ஸ்ட் என்ற புதிய முறை, இரண்டு விநாடி தட்டல், எட்டு விநாடி ஓய்வு, மொத்தம் 600 துடிப்பு. குறைந்த நேரம் என்றால் குறைந்த பலன்தானே என்று எனக்குச் சந்தேகம் இருந்தது, மேலே சொன்ன கனடா ஆய்வு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுதான், பலனில் வித்தியாசம் இல்லை என்று தெரிந்து எஃப்.டி.ஏ.வும் அதே வருடம் அனுமதித்துவிட்டது. காதில் பஞ்சு அடைப்பான் கட்டாயம், சத்தம் மரங்கொத்தி கொத்துவதுபோல் இருக்கும். வலி இல்லை என்று சொல்லமாட்டேன். முதல் வாரம் நெற்றியில் சுரீர் என்று குத்தியது, இடது புருவமும் தாடையும் சேர்ந்து துடித்தன, சாயங்காலம் தலைவலி வந்தது, பாராசிட்டமால் போட்டால் கேட்டது. இரண்டாவது வாரத்தில் அதெல்லாம் பழகிவிட்டது. ஞாபக மறதி, குழப்பம் எதுவும் வரவில்லை. சிட்டிங் முடிந்த கையோடு எழுந்து நடந்து வருவார். ஒவ்வொரு நாளும் உட்காருவதற்கு முன்னால் அந்தத் தம்பி கேட்பது, "நேத்து ராத்திரி தூங்கினீங்களாம்மா?" தூக்கம் கெட்டிருந்தால் வலிப்பு வாய்ப்பு கூடும் என்பதற்காக அந்தக் கேள்வி.

கஷ்டம் பயணத்தில் இருந்தது. வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம், இடையில் விடக்கூடாது. படுக்கையை விட்டே எழுந்திருக்காத ஒருவரைத் தினமும் கிளப்பி, கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஏற்றி, ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று நின்று நின்று போய், அரியாங்குப்பம் தாண்டினால் மரப்பாலம் நெரிசல். தனியார் பஸ்ஸில் பாட்டுச் சத்தம் அம்மாவுக்குத் தாங்காது, அதற்காகவே ஜன்னல் ஓரமாக முன்சீட் கிடைக்கும் வண்டிக்குக் காத்திருப்போம். மூன்று நிமிட வைத்தியத்துக்கு அரை நாள் போய்விடும். வேலைக்குப் போகிறவர்கள், துணைக்கு ஆள் இல்லாதவர்கள் இதை முதலில் யோசித்துக்கொள்ளுங்கள், முடிந்தால் அந்த ஒன்றரை மாதம் பாண்டியிலேயே சொந்தக்காரர் வீட்டில் தங்குவது நல்லது. மழைக்காலத்தில் ஆரம்பிக்காதீர்கள் என்றும் சொல்வேன், ஐப்பசி கார்த்திகையில் கடலூரில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா.

முதல் இரண்டு வாரம் எந்த மாற்றமும் இல்லை. இரண்டாவது மதிப்பெண் 22. அப்பா நிறுத்திவிடலாம் என்றார். டாக்டர் மட்டும், பலருக்கு மூன்றாவது நாலாவது வாரத்தில்தான் தெரிய ஆரம்பிக்கும், பாதியில் விட்டால் வேலை செய்ததா இல்லையா என்றே தெரியாமல் போய்விடும் என்று நிதானமாகச் சொன்னார். முதலில் திரும்பியது தூக்கம். ஐந்து மணி வரை தூங்கினார். அப்புறம் ஒருநாள் பஸ்ஸில் பசிக்கிறது என்றார், அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று! நாலாவது வாரம் குல்லாய் நைந்துபோய்ப் புதிதாக அளவெடுக்க வேண்டியிருந்தது, அந்தத் தம்பி டேப்பைச் சுற்றும்போது அம்மா அவன் கையைப் பிடித்து நிறுத்தி, "டேப்பை இழுக்காத தம்பி, இழுத்தா அளவு குறைச்சலா காட்டும், தளர விட்டுப் பிடி" என்று சொல்லித்தந்தார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. முடியும்போது மதிப்பெண் 10. பாதிக்கும் கீழே, ஆனால் 7-க்கு மேல். முழுசாகக் குணம் என்று நான் சொல்லவில்லை, இன்னும் மதியத்தில் சோர்ந்து படுக்கிற நாட்கள் உண்டு, கூட்டம் பிடிக்கவில்லை. ஆனால் குளிக்கிறார், சமைக்கிறார், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ரவிக்கை ஒன்று தைத்துக் கொடுத்தார்.

குறைகளும் உண்டு. நேரம் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் காக்க வைத்தார்கள், மனச்சோர்வு உள்ளவரை மூச்சு முட்டும் வராந்தாவில் உட்கார வைப்பது தப்பு, நேரில் சொன்னேன், பெரிதாக மாறவில்லை. வழக்கமான தம்பி விடுப்பில் போன வாரம் வேறொருவர் குல்லாய்ப் புள்ளியைச் சரிபார்க்காமல் சுருளை வைத்தார், நான் கேட்ட பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டுச் சரிசெய்தார்கள். கூடப் போகிறவர்கள் உள்ளே நின்று பாருங்கள், விட்டால் தொலைந்தது. கட்டணம் ஒரு சிட்டிங்குக்கு 1,500 ரூபாய், அளவெடுப்பு தனி. மொத்தமாகக் கட்டச் சொல்லவில்லை, வாரத்துக்கு வாரம் கட்டினோம், அது பெரிய உதவி. எந்த இடமாக இருந்தாலும் மொத்தப் பணத்தை முன்னாலேயே கட்டாதீர்கள், இடையில் நிறுத்த வேண்டி வந்தால் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

எல்லாருக்கும் இது இல்லை என்பதையும் சொல்லவேண்டும். சாப்பாடு தண்ணீர் இல்லாமல் கிடக்கிறவர்கள், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தீவிரமாக உள்ளவர்கள், காதில் குரல் கேட்கிறது என்பவர்கள் டி.எம்.எஸ்.ஸுக்காக ஆறு வாரம் காத்திருக்க முடியாது. அவர்களுக்கு இ.சி.டி. எனும் ஷாக் சிகிச்சைதான் வேகமாகவும் பலமாகவும் வேலை செய்யும், மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள், மயக்கம் இல்லாமல் கொடுப்பதை 2017 மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது. கொஞ்ச நாள் ஞாபகக் குறைவு வரலாம், ஆனால் உயிர் முக்கியம். அவசரத்துக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், இலவசம், தமிழில் பேசுவார்கள். செலவு செய்யும் முன் ஜிப்மர் மனநலப் பிரிவில் ஒரு கருத்துக் கேட்டுவிடுங்கள், நாங்களும் கேட்டோம்.

அம்மாவின் மாத்திரையை நிறுத்தவில்லை. டி.எம்.எஸ்.ஸால் தேறியவர்களைத் தொடர்ந்து பார்த்த ஒரு ஆய்வில், ஒரு வருடம் கழித்தும் பத்தில் ஆறு பேருக்கு மேல் நல்லபடியாகவே இருந்தார்கள், அவர்களிலும் சிலருக்கு நடுவில் மறுபடி சில சிட்டிங் தேவைப்பட்டது. அம்மாவுக்கும் மாதாமாதம் மதிப்பெண் போட்டுப் பார்க்கிறார்கள், ஏறத் தொடங்கினால் உடனே கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள்.

காப்பீடு பற்றி ஒரு வார்த்தை. 24 மணி நேரம் படுக்கையில் சேரவில்லை, வெளிநோயாளி சிகிச்சை என்று சொல்லி எங்கள் கிளெய்மைத் தள்ளிவிட்டார்கள். உடல் நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்று அதே 2017 சட்டத்தின் 21-வது பிரிவு சொல்கிறது. நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, மறுப்புக் கடிதம் வந்ததும், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் மனு போட்டிருக்கிறோம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அதே அலுவலகம்தான், கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, மறுப்பு வந்து ஒரு வருடத்துக்குள் போடவேண்டும். அதற்கு எங்களுக்குக் கைகொடுத்தது தேதி வாரியான பில்களும், எந்தெந்த மாத்திரை பலிக்கவில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதமும், மதிப்பெண் தாள்களின் நகலும். இவற்றை முதல் வாரத்திலேயே கேட்டு வாங்கி ஒரு ஃபைலில் போட்டுவிடுங்கள், எல்லாம் முடிந்தபிறகு கேட்டால் அலைய விடுகிறார்கள்.